எண்ணிக்கையோடு நிமிடத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் ஜூலை 4 அன்று நியூயார்க்கின் கோனி ஐலண்டில் நடக்கும் நேதன்ஸ் கடையின் ஹாட் டாக் (நீளப் பன்னுக்குள் சாசேஜ் என்ற இறைச்சிக் குழல் வைத்த பண்டம்) தின்னும் போட்டி பற்றித் தாங்கள் வெளியிட்ட செய்தியில் இரண்டு இடங்கள் திருத்தப்பட வேண்டியவை.

முதலாவது சின்ன விஷயம். போட்டி 1916இல் தொடங்கியதாக எழுதியிருந்தீர்கள். 1916இல் திறந்தது கடைதான். அந்த ஆண்டே குடியேறிகள் சிலர் யாருக்கு நாட்டுப்பற்று அதிகம் என்று போட்டி போட்டுத் தின்றார்கள் என்ற கதை, விளம்பரத்துக்காகக் கட்டிவிட்டது. கட்டிவிட்டவர்களில் ஒருவரான மார்ட்டிமர் மாட்ஸே 2010இல் அதை ஒப்புக்கொண்டார். போட்டி முறையாக நடக்கத் தொடங்கியது 1970களில்தான்.

இரண்டாவதுதான் முக்கியம். சாதனைப் பட்டியலில் எண்ணிக்கையை மட்டும் வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். 2007 வரை போட்டி நேரம் 12 நிமிடம். 2008 முதல் 10 நிமிடம். ஜப்பானின் டக்கேரு கோபயாஷி 2007இல் 63 தின்று, 66 தின்ற அமெரிக்கர் ஜோயி செஸ்ட்நட்டிடம் தோற்றார். மறு ஆண்டு இருவரும் 59இல் சமமாக நின்று, ஆளுக்கு ஐந்து வைத்து நடந்த கூடுதல் சுற்றில் செஸ்ட்நட் வென்றார். உங்கள் பட்டியலைப் பார்ப்பவர் இருவருமே தளர்ந்துவிட்டதாக நினைப்பார். கணக்குப் போட்டால் கோபயாஷி நிமிடத்துக்கு 5.25லிருந்து 5.9க்கும், செஸ்ட்நட் 5.5லிருந்து 5.9க்கும் வேகம் கூட்டியிருக்கிறார்கள். செஸ்ட்நட்டின் 2021 சாதனையான 76, நிமிடத்துக்கு 7.6.

இந்தச் சராசரியும் முழு உண்மையைச் சொல்லாது. முதல் பாதியில் தின்பது மிக வேகம். பிறகு தாடை களைத்து, வயிறு எதிர்த்து நிற்கும். 2024இல் வேறொரு நிறுவனத்தின் தாவர ஹாட் டாக் ஒப்பந்தத்தால் கோனி ஐலண்ட் மேடை செஸ்ட்நட்டுக்கு மறுக்கப்பட்டது. அந்த ஜூலை 4 அன்றே அவர் டெக்சாஸ் ராணுவ முகாமில் 5 நிமிடத்தில் 57 தின்றார். கோனி ஐலண்டில் 10 நிமிடத்தில் 58 தின்ற பேட்ரிக் பெர்டொலெட்டி சாம்பியன். பெண்கள் பிரிவில் மிக்கி சூடோ அன்று தின்ற 51 அந்தப் பிரிவின் சாதனை. அது உங்கள் செய்தியில் விட்டுப்போயிருக்கிறது.

"பெரிய வயிறுதான் ரகசியம்" என்ற வரியும் சரியில்லை. மெலிந்த உடல்காரரான கோபயாஷி 2001இல் முதன்முறை வந்தபோதே, அதுவரை இருந்த சுமார் 25 என்ற சாதனையை 50 ஆக்கினார். காரணம் உத்தி. சாசேஜை இரண்டாக ஒடித்து இரு துண்டையும் சேர்த்து வாயில் போடுவது, பன்னைத் தனியாகத் தண்ணீரில் நனைத்து விழுங்குவது. காய்ந்த ரொட்டி எச்சிலை உறிஞ்சித் தொண்டையில் ஒட்டும், ஒரு கட்டத்தில் எச்சிலும் போதாது, அதனால்தான் நனைப்பது. ஆனால் ரொட்டியோடு உள்ளே போகும் தண்ணீரும் வயிற்றில் இடம் பிடிக்கும் என்பதால் எவ்வளவு நனைக்கிறோம் என்பதே பெரிய கலை. நனைக்கவே கூடாது என்ற விதியோடு 2024 செப்டம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நடத்திய போட்டியில் செஸ்ட்நட் 10 நிமிடத்தில் 83 தின்றார், கோபயாஷி 66.

நடுவர்கள் கணக்கிடுவதும் கறார்தான். தட்டில் மிச்சம் கிடப்பதைக் கழிப்பார்கள். 70½ போன்ற பின்னங்கள் வருவது அதனால்தான். மணி அடிக்கும்போது வாயில் இருப்பதை விழுங்கினால் சேரும். வாந்தி எடுத்தால் ஆட்டம் முடிந்தது.

வயிறு பற்றி 2007இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் எக்ஸ்ரே வைத்துப் பார்த்தார்கள். சாதாரண ஆள் 7 ஹாட் டாக்கோடு நிறுத்திக்கொண்டார். போட்டிக்காரர் 10 நிமிடத்தில் 36 தின்றும் நிறைந்த உணர்வு வரவில்லை. வயிறு சுருங்கி அரைக்காமல், தளர்ந்த பைபோல விரிந்துகொண்டே போனது. இப்படிப் பழக்கிய வயிறு பின்னாளில் உணவைக் கீழே தள்ளும் திறனையே இழக்கலாம் என்பது அவர்களின் எச்சரிக்கை. லிட்டர் லிட்டராகத் தண்ணீர் குடித்து வயிற்றை விரிப்பது இன்னும் மோசம். ரத்தத்தில் சோடியம் சட்டெனக் குறைந்து மூளை வீங்கும். 2007இல் கலிபோர்னியாவில் வானொலி நிலையம் ஒன்று நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் பங்கேற்ற பெண் இப்படித்தான் இறந்தார். போட்டியை நடத்தும் லீக், 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்ப்பதில்லை. வீட்டில் பயிற்சி செய்ய வேண்டாம் என்றும் சொல்கிறது.

இதை வலியுறுத்தக் காரணம், நம் பக்கத்திலும் இட்லி, பரோட்டா தின்னும் போட்டிகள் பெருகிவிட்டன. 2024 ஓணத்தின்போது கேரள எல்லையில் வாளையாறு அருகே இட்லிப் போட்டியில் ஒருவர் தொண்டை அடைத்து இறந்தார். மென்மையான பண்டம் ஆபத்தில்லை என்று நினைப்பது தவறு. வேகமாகத் திணித்தால் மாவுப் பண்டம் உருண்டையாகி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். பேசவோ இருமவோ முடியாமல் தவிப்பவருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது. குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்ட வேண்டும். வெளிவராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்த வேண்டும். வெளிவரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். நினைவிழந்தால் தரையில் கிடத்தி மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். அதற்குள் யாராவது 108ஐ அழைத்திருக்க வேண்டும்.

உள்ளூர்ப் போட்டிச் செய்திகளில் வென்றவர் படத்தோடு, முதலுதவி தெரிந்தவரும் ஆம்புலன்ஸும் அங்கே இருந்தார்களா என்பதையும் உங்கள் நிருபர்கள் கேட்டு எழுதட்டும்.

இப்படிக்கு,
வாசகர், பொள்ளாச்சி