பைபிள் கல்லூரியில் பணம் கட்டும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிவு வந்ததும் உயர்கல்வி வழிகாட்டி வெளியிடுகிறீர்கள். கிறிஸ்தவ சபையில் குருவாக (போதகராக) அபிஷேகம் பெற நினைக்கும் பிள்ளைகளுக்கு அதில் ஒரு வரிகூட இருப்பதில்லை. சுவரொட்டியைப் பார்த்து ஏதோ ஒரு பைபிள் கல்லூரியில் சேர்ந்து, படிப்பு முடிந்த பிறகு அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரிந்து திகைத்து நிற்பவர்கள் நம் பகுதியில் உண்டு.

தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருநெல்வேலி, தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலங்களில், அதாவது பேராயரின் ஆளுகைப் பகுதிகளில், படிப்புக்கு முன்பே தெரிவு நடக்கும். திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்ற சபை அங்கத்தினராக இருக்க வேண்டும். சேகரகுருவின் (உள்ளூர்ச் சபைகளுக்குப் பொறுப்பான குருவின்) பரிந்துரை, தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டியவர்களைத் திருமண்டலமே இறையியல் கல்லூரிக்கு அனுப்பும். சொந்தச் செலவில் போய் பி.டி. (இறையியல் இளநிலைப் பட்டம்) முடித்தாலும் பட்டம் பட்டம்தான். ஆனால் அபிஷேகம் கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை திருமண்டலத்துக்குக் கிடையாது. இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை.

கல்லூரியைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேற்கு வங்கத்தில் உள்ள செராம்பூர் கல்லூரியின் பெயரில் இறையியல் பட்டம் வழங்கும் அமைப்பான செராம்பூர் செனட்டின் இணைப்பு உண்டா? அன்று செராம்பூரை ஆண்ட டென்மார்க் மன்னரின் 1827 சாசனமும் 1918 சட்டமும் செராம்பூருக்குப் பட்டம் வழங்கும் உரிமையைத் தந்தன. "சர்வதேச அங்கீகாரம்" என்ற பலகை அதற்கு ஈடாகாது. அங்கே பாடம் மோசம் என்று சொல்லவில்லை, பட்டம் செல்லுமா என்ற கணக்கு வேறு. செனட்டே நடத்தும் அஞ்சல்வழிப் படிப்புகளும் சபையாருக்கானவை. அவற்றை பி.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி (1969) தமிழிலேயே நடத்துகிறது. பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரி (1910) ஆங்கிலத்தில். பட்டதாரிக்கு பி.டி. பொதுவாக நான்கு ஆண்டு. பலருக்குக் கால் இடறும் இடம் பைபிளின் மூலமொழிகளான எபிரேயமும் கிரேக்கமும். எபிரேயத்தில் எழுத்தின் அடியில் வரும் கிடைக்கோடு 'அ'. அதில் சின்னதாக ஒரு வால் தொங்கினால் 'ஆ'. மங்கலான நகலில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். கிரேக்கத்தில் பெயர்ச்சொல்லின் கடைசி அசை மாறி வேற்றுமை காட்டும்: லோகோஸ் (சொல்), லோகோன் (சொல்லை), லோகூ (சொல்லின்). பள்ளியில் வேற்றுமை உருபை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இது பயப்படும் சங்கதி இல்லை. சேருவதற்கு முந்தின கோடை விடுமுறையிலேயே இரண்டு எழுத்துவரிசைகளையும் எழுதிப் பழகிவிட்டால் முதல் பருவத்தில் பாதிச் சுமை இறங்கும்.

பட்டம் வாங்கிய கையோடு அங்கி கிடைத்துவிடாது. மூத்த குருவின் கீழ்ப் பயிற்சி, பிறகு டீக்கன் (உதவிகுரு), அதன் பிறகே பிரஸ்பிட்டர் (முழுக் குரு). டீக்கன் நற்கருணையில் (அப்பமும் ரசமும் பகிரும் ஆராதனையில்) உதவலாம். தலைமையேற்று நடத்த முடியாது. பெண்களுக்கும் 1976 முதல் இந்தத் திருச்சபையில் அபிஷேகம் உண்டு. பெண் பிள்ளைகளைப் பெற்ற வீடுகளில் இது இன்னும் பலருக்குத் தெரியாது.

கத்தோலிக்க வழி வேறு: மெய்யியல் இரண்டாண்டு, இறையியல் நான்காண்டுக்குக் குறையக்கூடாது, 25 வயது நிறைந்திருக்க வேண்டும், தியாக்கோன் (டீக்கன்) பட்டத்துக்கும் குருப்பட்டத்துக்கும் நடுவே குறைந்தது ஆறு மாதம். மறைமாவட்டத்தில் குருத்துவப் பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் இறையழைத்தல் இயக்குநரிடம் கேட்டால் மீதி தெரியும்.

ஆராதனையில் ஒருமுறை வாசிக்கும் தெரிவு அறிவிப்பு, கோவையிலோ சென்னையிலோ விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையின் காதுக்கு எட்டாது. வயது வரம்பு, கல்வித் தகுதி, கடைசித் தேதி மூன்றையும் திருமண்டலங்கள் நாளிதழில் வெளியிடலாம். தங்கள் வழிகாட்டிப் பக்கத்திலும் அதற்குக் கால் பத்தி ஒதுக்க வேண்டுகிறோம்.

இறையியல் பயின்ற வாசகர்கள் சிலர்,
பாளையங்கோட்டை