ஒரே ஒரு தட்டு கேட்கிறோம்: மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். பரிந்துரைச் சீட்டுகள் கிழிக்கப்பட்ட விவகாரம் ஏற்கெனவே தங்கள் மேசைக்கு வந்துவிட்டது. ஆகவே முன்கதையை விரிக்கவில்லை. புதிதாக வந்த அறிவியல் புனைவுகளையும் மிகுபுனைவு (ஃபேண்டசி) நாவல்களையும் படித்த வாசகர்கள், அடுத்துப் படிக்க வருபவருக்காக நாலு வரி எழுதி அலமாரியின் ஓரத்தில் ஒட்டியவை அந்தச் சீட்டுகள். அவற்றுக்கு 'அனுமதியின்றி ஒட்டப்பட்ட விளம்பரம்' என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். விற்பதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை ஐயா. நூலக வாசலில் தொங்கும் போட்டித் தேர்வுப் பயிற்சி மையத்தின் பிளெக்ஸ் எப்படி விளம்பரமாகாமல் தப்பித்தது என்று கேட்க நினைத்தோம். மரியாதை கருதிக் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது புனைவுப் பகுதியில் ஒரே ஒரு தட்டு. வாசகர்கள் பரிந்துரைக்கும் புதிய நாவல்கள் அதில் இருக்க வேண்டும். பக்கத்தில் சீட்டு ஒட்ட ஒரு முழம் இடம் வேண்டும்.

நம் நூலகத்தில் பூட்டிக் கிடக்கும், கண்ணாடிக் கதவு போட்ட பீரோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சீன எழுத்தாளர் லியு சிஷினின் 'தி த்ரீ பாடி ப்ராப்ளம்' நாவலின் ஆங்கிலப் பிரதி ஒன்று நம் நூலகத்தில் இருக்கிறது. அறிவியல் புனைவுக்கும் மிகுபுனைவுக்கும் தரப்படும் ஹியூகோ விருதை 2015ஆம் ஆண்டில் பெற்ற நூல். தலைப்பைப் பார்த்த யாரோ அதை இயற்பியல் தட்டில், பிளஸ் டூ வினா விடை நூல்களுக்கு நடுவே செருகிவிட்டார்கள். தேர்வுக்குப் படிக்க வந்த பொறியியல் மாணவி ஒருத்தி அதைக் கையில் எடுத்தாள். மாவோ காலத்துச் சீனாவின் கலாச்சாரப் புரட்சியின்போது ஒரு இயற்பியல் பேராசிரியர் தம் மகளின் கண்ணெதிரே அடித்துக் கொல்லப்படுகிறார். அந்த முதல் அத்தியாயத்திலேயே அவள் சிக்கிக்கொண்டாள். தேர்வு என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆனால் கதை மூன்று பாகம். இரண்டாம் பாகம் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது. வாசகர் வட்டத்தினர் தங்கள் கைக்காசில் வாங்கி அன்பளிப்பாகக் கொடுத்த நாவல்களில் அதுவும் ஒன்று. பதிவேட்டில் ஏறவில்லை, எண் விழவில்லை, ஆகவே இரவல் இல்லை. இங்கேயே உட்கார்ந்து படிக்கட்டுமே என்றால், எண் இல்லாத நூலை வெளியே எடுக்கக் கூடாதாம். எடுக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், சாவி வைத்திருந்தவர் மாறுதலாகிப் போய்விட்டாராம். அந்தப் பெண் மீண்டும் மீண்டும் பஸ் ஏறி வந்து, கண்ணாடி வழியாகப் புத்தகத்தின் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். கடைசியில், எங்கிருந்தோ செல்பேசியில் இறக்கிய திருட்டுப் பிரதியில் படித்து முடித்துவிட்டதாகச் சொன்னாள். காசு கொடுத்து வாங்கிய நல்ல பிரதி உள்ளே பூட்டிக் கிடக்க, வாசகரைத் திருட்டுப் பிரதிக்கு அனுப்பிவைக்கிற இந்த ஏற்பாடு எந்த விதியின் கீழ் வருகிறது என்பதைத் தாங்கள்தான் தெரிவிக்க வேண்டும்.

இவையெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாசாரம், குழந்தைகள் பிரிவுக்கு அனுப்பிவிடலாம் என்று தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாக ஒரு யோசனை சொல்லப்பட்டது. அதைச் சொன்னவர் பீரோவில் இருக்கும் ஒரு நூலையாவது புரட்டியிருக்க மாட்டார். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகரவின் 'தி செயின்ட் ஆஃப் பிரைட் டோர்ஸ்' 2023இல் வெளியானது. இந்த வகை எழுத்துக்கே தரப்படும் நெபுலா விருதைச் சிறந்த நாவலுக்காகப் பெற்றது. பிறந்த குழந்தையின் நிழலைத் தாயே பிய்த்தெறிகிறாள். ஞானியாகப் போற்றப்படும் தந்தையைக் கொல்வதற்கென்றே மகனை வளர்க்கிறாள். அவன் வந்து சேரும் நகரத்தில் திறக்கவே முடியாத கதவுகள் இருக்கின்றன. கூடவே கலவரங்களும், முகாம்களும், யார் எந்தப் பிரிவு என்று தீர்மானிக்கும் காகிதங்களும் இருக்கின்றன. மாயக் கதைதான். ஆனால் இலங்கையின் அண்மை வரலாறு தெரிந்த தமிழ் வாசகர் எவருக்கும் அதைப் படிக்கக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும். இதையா ஐயா குழந்தைகள் பிரிவில் வைக்கப்போகிறோம்?

லாவண்யா லக்ஷ்மிநாராயணின் 'தி டென் பர்சன்ட் தீஃப்' பெங்களூருவில் நடக்கிறது. அங்கே ஒரு நிறுவனமே நகரத்தை ஆள்கிறது. ஒவ்வொருவரின் உற்பத்தித் திறனுக்கும் மதிப்பெண் போட்டு, கடைசிப் பத்து சதவீதத்தில் விழுபவரை மின்வசதிகூட இல்லாத வெளிப்புறத்துக்குத் துரத்துகிறது. ஆண்டுதோறும் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும் ஐ.டி. ஊழியர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்த நாவலைக் கொடுத்துப் பாருங்கள். சிரிக்கவும் ஒன்று இருக்கிறது: மார்த்தா வெல்ஸின் 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்'. தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியைத் தானே உடைத்துவிட்ட ஒரு காவல் இயந்திரம், கிடைத்த சுதந்திரத்தைத் தொடர் நாடகம் பார்ப்பதில் செலவிடுகிறது.

'சுஜாதாவுக்கு அப்புறம் என்ன படிக்கலாம்?' என்பதுதான் வாசகர் வட்டக் கூட்டங்களில் இளைஞர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. 'என் இனிய இயந்திரா' எங்களுக்கும் உயிர்தான், அதில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயை யார் மறப்பார்கள்? ஆனால் அந்தக் கதை நடக்கும் எதிர்காலம் நமக்கு இறந்தகாலமாகிவிட்டது. சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். லியு சிஷினும் ஒரு மின்நிலையத்தில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதியவர். ஒருவரை விரும்பிப் படித்தவருக்கு இன்னொருவரைக் கையில் எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும். நூல் தேர்வுக் குழு அதைச் செய்வதில்லை. நாங்கள் செய்தால் கிழிக்கிறார்கள்.

பொது நூலகச் சட்டம் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் என்று ஒவ்வொரு நூலக வார விழாவிலும் மேடையில் பெருமைப்படுகிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு வீதம் நூலக வரியும் தவறாமல் கட்டுகிறோம். அந்தக் காசில் வந்து இறங்குபவை என்ன? பொது அறிவு வினா விடை, அதன் சென்ற ஆண்டுப் பதிப்பு, அதற்கும் முந்தைய ஆண்டுப் பதிப்பு. மாநிலமே குரூப் நான்கு எழுதிக்கொண்டிருக்கிறது, அது தேவைதான். வேலை கிடைத்த பிறகு அந்தப் பிள்ளைகள் என்ன படிப்பார்கள் என்று யாராவது யோசித்ததுண்டா? தங்கள் அறைச் சுவரில் நூலகவியல் அறிஞர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதனின் படம் மாட்டியிருக்கிறது. 1931இல் அவர் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் பீரோவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. படத்துக்கு மாலை போடுவதோடு…

மன்னிக்கவும், வேண்டுகோளுக்குத் திரும்புகிறேன். புதிய நூல்களை வாங்க நிதி கேட்கவில்லை, கூடுதல் ஊழியரும் கேட்கவில்லை. ஒரு தட்டு, சீட்டு ஒட்ட ஒரு முழம் இடம், பீரோவில் இருப்பவற்றுக்கு வரிசை எண். பதிவேட்டில் ஏற்றும் வேலையில் ஊழியர்களுக்கு உதவ வாசகர் வட்ட உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தயார். சீட்டுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று நூலகர் முன்கூட்டியே பார்த்துக் கையொப்பமிடலாம். அதிலும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. சாவி கிடைக்கவே கிடைக்காது என்றால் பூட்டுக்காரரை நாங்களே அழைத்து வருகிறோம், கூலியும் எங்களுடையது. அதற்கான அனுமதிக் கடிதத்தை மட்டும் தாங்கள் அன்புகூர்ந்து எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நூலகத்தின் உறுப்பினரும் புரவலருமான ஒரு வாசகர்