'அக்ரி' அழுத்துவதற்கு முன்பு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மிண்ட் பக்கத்து டீக்கடையில் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாயே, அந்த உரிமப் பக்கம் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "இலவசம்ண்ணா, அக்ரி கொடுத்தா முடிஞ்சுது" என்றாய், சம்மதம் சொல்லும் அந்த பட்டனைக் காட்டி. நான் கீழே இழுத்துக்கொண்டே போனேன். டீ ஆறிப்போன நேரத்தில்தான் அந்த வரி கண்ணில் பட்டது: இந்த டீபக்கரை (நிரலில் பிழை தேடும் கருவியை) பயன்படுத்துபவர் இதற்குப் போட்டியாக எதையும் உருவாக்கக் கூடாது.

நீ ராத்திரி கண்விழித்து எழுதுவதே ஒரு டீபக்கர்தானே! வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் பிழையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறாய். அதைத்தான் அந்த ஒரு வரி தடுக்கிறது.

உனக்கு முன்னால் பெரிய ஆட்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலின் நிரலைப் பராமரிக்க, அதை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2002-இல் பிட்கீப்பரை எடுத்தார். நிரலில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்கும் கருவி அது. காசு கிடையாது. ஆனால் இலவசமாக எடுத்தவர்கள், அதைப் பயன்படுத்தும் வரையிலும், விட்ட பிறகு ஒரு வருடமும், போட்டிக் கருவி எதிலும் கைவைக்கக் கூடாது. அப்போதே பலர் எதிர்த்தார்கள். கர்னல் வேலை சுலபமானதால் அது எடுபடவில்லை.

அப்புறம், லினக்ஸும் விண்டோஸும் கோப்புகளைப் பகிர உதவும் சாம்பாவை எழுதிய ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வர் எப்படிப் பேசுகிறது என்று பார்த்தார். டெல்நெட் என்ற சாதாரண இணைப்புக் கருவியில் இணைந்து 'ஹெல்ப்' என்று தட்டினார். சர்வரே தன் கட்டளைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அவ்வளவுதான், போட்டிக்கு வேவு பார்க்கிறார் என்று சொல்லி பிட்கீப்பர்காரர்கள் 2005-இல் இலவசப் பதிப்பை நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடம் பழகிய கருவி கையை விட்டுப் போனது. ஏப்ரல் 3-ஆம் தேதி லைனஸ் புதிதாக ஒன்றை எழுத உட்கார்ந்தார். நீ தினமும் உன் மாற்றங்களைச் சேமித்து கமிட் போடுகிறாயே, அந்த கிட்தான். பிட்கீப்பரும் 2016-இல் திறந்த மூலமாகிவிட்டது.

லைனஸால் எழுத முடிந்தது. நம் கையிலிருந்து அந்த இலவச டீபக்கரைப் பிடுங்கினால், பாதியில் நிற்கும் நிரல்தான் மிச்சம்.

ஜிடிபி (GDB) என்ற திறந்த மூல டீபக்கரை வைத்தே தொடரு. அழகாக இருக்காது, பழக நாளாகும். ஆனால் ஜிடிபியை வைத்துக்கொண்டே ஜிடிபிக்குப் போட்டி எழுதலாம், அதன் உரிமமான ஜிபிஎல் (GPL) அதைத் தடுக்காது. அந்தப் பக்கத்தை இன்னும் திறந்து வைத்திருந்தால் மூடிவிடு. வரும் ஞாயிறு லேப்டாப்போடு வா, நானும் கூட உட்காருகிறேன்.

உன் அண்ணன்,
தண்டையார்பேட்டை