செயலாளர் ஆண்டறிக்கை: கைதுக்குப் பிந்திய முதல் மணித்தியாலங்கள்

தலைவர் அவர்களே, போஷகர்களே, அங்கத்தவர்களே,

வழமையான விடயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். வாசிகசாலைக் கூரை இன்னும் ஒழுகுகிறது. மற்றபடி, சென்ற பொதுக்கூட்டம் ஒப்படைத்த ஒரு வேலையிலேயே ஆண்டு கழிந்தது: பொலிஸ் தடுப்புக்காவலில் நிகழும் மரணங்களும் அவற்றில் இனத்தின் பங்கும்.

தொடக்கமாக ஒரு பட்டிமன்றம் வைத்தோம்: “காவல் மரணத்துக்கு முதற்காரணம் இனமா, அதிகாரமா?” இன அணி 1983 யூலை 25இலும் 27இலும் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகளிலிருந்து தொடங்கி, “தமிழன் எண்டபடியால்தான் அடி” என்ற இடத்தில் நின்றது. அதிகார அணி, தெற்கில் சிங்கள இளைஞரும் பொலிஸ் கூண்டுக்குள் சாகிறார்கள் என்றது. வடக்கிலுள்ள நிலையங்களில் தமிழ்ப் பொலிஸாரும் இருப்பதை எடுத்துக்காட்டியது. நடுவர் இரண்டும்தான் என்று தீர்த்தார், சபை கைதட்டியது. நிர்வாக சபைக்கு அது போதவில்லை. ஆகவே கலந்துரையாடல்களில் வெளிநாட்டு வழக்குகளை எடுத்து, எங்கே எது நிறுவப்பட்டது, எதைக்கொண்டு நிறுவப்பட்டது என்று பார்த்தோம்.

2020 மே 25இல் அமெரிக்காவின் மினியாபொலிஸில் கறுப்பினத்தவரான ஜோர்ஜ் புளொய்ட் பொலிஸ் பிடியில் இறந்தபோது பொலிஸ் விடுத்த முதல் அறிக்கை அதை மருத்துவச் சம்பவம் என்றே சொன்னது. கழுத்தின்மேல் முழங்கால் 9 நிமிடம் 29 விநாடி இருந்ததை வழக்கில் நிறுவியது, தெருவில் நின்ற 17 வயதுப் பெண் பிள்ளை எடுத்த காணொளி. குற்றஞ்சாட்டப்பட்ட நான்கு பொலிஸாரில் ஒருவர் மொங் என்னும் ஆசிய வம்சத்தவர், இன்னொருவர் கறுப்பினத் தந்தைக்குப் பிறந்தவர். நிலையத்தில் தமிழ்ப் பொலிஸார் இருந்தால் இனப் பிரச்சினை இல்லை என்ற வாதத்தை அதன்பின் எங்கள் கூட்டங்களில் யாரும் எடுக்கவில்லை. எமது மண்ணில் 2016 ஒக்ரோபரில் குளப்பிட்டியில் இரு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்ததும் முதலில் வீதி விபத்தாகவே சொல்லப்பட்டது. பிரேத பரிசோதனையில்தான் சூட்டுக் காயம் வெளிவந்தது. அது காவல் மரணம் அல்ல. ஆனாலும் முதல் அறிக்கை எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதற்கு அதைவிட அண்மையான பாடம் இல்லை.

அதிக விவாதத்தைக் கிளப்பியது அவுஸ்திரேலியா. பூர்வகுடியினரின் காவல் மரணங்களை ஆராய 1987இல் அமைத்த அரச ஆணைக்குழு, 99 மரணங்களை ஒவ்வொன்றாக விசாரித்து 1991இல் 339 பரிந்துரைகளை வைத்தது. காவலுக்குள் வந்தபின் பூர்வகுடியினர் இறக்கும் வீதம் மற்றவர்களுடையதைவிட அதிகமில்லை, அவர்கள் காவலுக்குள் கொண்டுவரப்படும் வீதம்தான் மிக அதிகம் என்பது அதன் முடிவு. அதாவது இனம் தன் வேலையைக் கைது செய்யும் தெருவிலேயே முடித்துவிடுகிறது. எமது பட்டிமன்றத்தின் இரு அணிகளும் கூண்டுக்குள்ளேயே காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தன என்பது பிறகுதான் உறைத்தது. இதை அறிய எண்ணிக்கை வேண்டும், எண்ணிக்கைக்குப் பதிவு வேண்டும். அமெரிக்காவின் காவல் மரண அறிக்கையிடல் சட்டம் இறந்தவரின் இனத்தையும் பதியச் சொல்கிறது.

இனி உதவி மேசை. கைதானோரின் குடும்பங்கள் பெரும்பாலும் பிந்தியே வந்தன. ஆகவே சட்டைப்பையில் வைக்கத்தக்க ஓர் அட்டை அச்சிட்டோம். முதற்பதிப்பு பளபளப்பான தாளில் வந்துவிட்டது. அழகாகத்தான் இருந்தது, ஆனால் குமிழ்முனைப் பேனா அதில் எழுதவில்லை. கைதான நேரத்தைக் குறிக்க விட்ட கோடு வெறுமையாகவே திரும்பிவந்தது. இரண்டாம் பதிப்பு சாதாரண மட்டையில்.

அந்தக் கோடுதான் முழு அட்டையின் உயிர். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைதானவரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான்முன் நிறுத்த வேண்டும். வீட்டில் காலை 6 மணிக்குப் பிடித்தவரை மாலை 4 மணிக்குச் சந்தியில் பிடித்ததாகப் பதிந்தால் 10 மணித்தியாலம் காணாமற்போகும். அடி விழுவது அந்த இடைவெளியில். நேரம், வாகன இலக்கம், சீருடை இலக்கம், அயலவர் ஒருவரின் பெயர் ஆகியவற்றை உடனே எழுதி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அந்த அழைப்பின் நேரமும் சாட்சியாகும். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ்க் கைதென்றால் 48 மணித்தியாலத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை கைது செய்தவருக்கே உண்டு. ஆயினும் குடும்பம் தானும் அறிவித்துவிடுவது நல்லது.

வாக்குமூலம் அடுத்த பொறி. வடக்கில் பொதுப் பதிவேடுகள் தமிழில் பேணப்பட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. நடைமுறையில் சிங்களத்தில் எழுதிய தாள் நீட்டப்படுகிறது. தமிழில் வாசித்துக் காட்டும்வரை ஒப்பமிட வேண்டாம், ஒப்பமிட நேர்ந்தால் தமிழில் ஒப்பமிட்டு “வாசித்துக் காட்டப்படவில்லை” என்று பக்கத்தில் எழுதுங்கள் என்பதே சட்டத்தரணிகள் தந்த ஆலோசனை. இன வேறுபாடு கையில் தொட்டுப் பார்க்கத்தக்கதாக இருக்கும் இடம் இந்தத் தாள்தான்.

மருத்துவ விடயத்தில் இரண்டு பிழைகள் திரும்பத் திரும்ப நேர்கின்றன. ஒன்று, சட்ட வைத்திய அதிகாரி பரிசோதிக்கும்போது பொலிஸார் பக்கத்தில் நிற்பது. அவர்களை வெளியே நிற்கச் சொல்லும்படி வைத்தியரிடமே கேட்க வேண்டும். மற்றது, வெளியே காயம் இல்லையென்று நிம்மதி அடைவது. உள்ளங்கால் அடியின் வீக்கம் சில நாளில் வற்றிவிடும். தொடையிலும் முதுகிலும் பலமாக அடிக்கும்போது நசுங்கும் தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுக்கும், பிறகு குறையும், ஆள் சில நாள் கழித்து விளக்கமறியலில் சரிவார். ஆகவே பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி சிறுநீரின் நிறம். கறுத்திருந்தால் அன்றே வைத்தியசாலை, இரத்தத்தில் கிரியற்றின் கைனேஸ், கிரியற்றினின் பரிசோதனை. பக்கத்தில் அடிமட்டமோ நாணயமோ வைத்துக் காயத்தைப் படமெடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, எடுத்த நேர விபரமும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள், எடுத்த கைபேசியை அழிக்காமல் வையுங்கள். இரத்தம் பட்ட உடுப்பை நிழலில் உலர்த்திக் கடதாசிப் பையில் இடவேண்டும். பிளாஸ்ரிக் பையில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

காவலில் மரணம் நேர்ந்துவிட்டால், குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின்படி விசாரிக்க வேண்டியவர் நீதவான். திடீர் மரண விசாரணை அதிகாரியோடு காரியம் முடிய விடக்கூடாது. பிரேத பரிசோதனைக்கு முன் குடும்பத்தின் சட்டத்தரணி நீதவானிடம் எக்ஸ்ரே படம் கேட்கலாம். எமது ஊர்களில் மிகக் கடினமான ஆலோசனை, தகனம் செய்யாமல் அடக்கம் செய்யுங்கள் என்பது. சைவக் குடும்பங்கள் மனமுடைந்து போகின்றன, அது எமக்கு விளங்காமல் இல்லை. ஆனால் இரண்டாவது பரிசோதனைக்கு உடல் வேண்டும், சாம்பல் உதவாது.

காலக்கெடுவும் எமது வழக்கமும் மோதும் இடம் ஒன்றுண்டு. அடிப்படை உரிமை மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தரும் அவகாசம் ஒரு மாதம். கீரிமலையில் 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடித்துச் சட்டத்தரணியைத் தேடி வரும்போது அது கடந்துவிடுகிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், விசாரணை நிலுவையில் உள்ள காலம் கணக்கில் எடுக்கப்படாது. முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது, விசாரணை நடப்பதற்கான கடிதமும் வேண்டும். இறந்தவரின் மனைவி மனுச் செய்யலாம் என்ற வழியைத் திறந்தது, பயாகல பொலிஸ் காவல் மரணத்தில் உயர் நீதிமன்றம் 2003இல் அளித்த தீர்ப்பு. தெற்கிலே ஒரு சிங்களப் பெண் போட்ட வழக்கை வைத்துத்தான் இன்று தமிழ்க் குடும்பமும் நீதிமன்றப் படியேறுகிறது.

1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சித்திரவதைச் சட்டம் குறைந்தது 7 ஆண்டு, கூடியது 10 ஆண்டு சிறை விதிக்கிறது. சட்டம் பலவீனமில்லை. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸ் காவலுக்குப் பின் இறந்த இளைஞர் விடயத்தில் நடவடிக்கை விரைந்ததற்கு, அவர் உயிரோடு இருந்தபோது தனக்கு நடந்ததைச் சொன்ன காணொளி பெரிதும் உதவியது.

நிலுவையில் உள்ள வேலை: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகள் தயாராகின்றன. மாகாணத்தில் கைதானோர் தொகை இனவாரியாக, தமிழில் பதிந்த வாக்குமூலங்களின் தொகை, நிலையம் ஒவ்வொன்றிலும் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் எத்தனை பேர். தீர்மானம் அறிவிக்க 14 வேலை நாள். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள். விண்ணப்பத்தைத் தமிழில் அனுப்புவோம், பதில் சிங்களத்தில் வந்தால் மொழிபெயர்க்க இருவர் தேவை. விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் பெயரைத் தரவும். மூன்றாம் பதிப்பு அட்டைக்கான மட்டைச் செலவைப் பொருளாளர் இப்போது முன்வைப்பார்.

செயலாளர்
யாழ்ப்பாணம்