பள்ளிக் குடிநீர்த் தொட்டி தூய்மைப் பணி

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களைப் போலவே நம் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால், பிள்ளைகள் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை மட்டுமே குடிக்க வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகுமே தவிர ஃபுளோரைடு குறையாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கத்தக்கது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 வரை அனுமதி உண்டு.

வரும் சனிக்கிழமை காலை மேல்நிலைத் தொட்டி கழுவப்படும். கடைசிக் குழாயில் கிருமிநீக்கத்துக்குப் பின் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருப்பதைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிய பின்னரே நீர் திறந்துவிடப்படும். தொட்டி மூடியின் விளிம்பு பல்லி நுழையும் அளவுக்கு உடைந்திருக்கிறது. அதை மாற்றாமல் கழுவுவது வீண் வேலை என்பதே என் கருத்து. புது மூடி வாங்கித்தர விரும்புவோர் வெள்ளிக்கிழமைக்குள் தலைமையாசிரியரிடம் தெரிவிக்கவும்.