தம்பிக்கு: முகப்பிலிருந்து அப்பாவின் வீடியோவை எடுத்தது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் வருஷ திதி முடிந்த மறுநாள் நம் தரைக்கல் பட்டறையின் இணையதள முகப்பிலிருந்து அவர் வீடியோவை எடுத்தேன். அன்று சாயங்காலமே நீ குடும்பக் குரூப்பை விட்டுப் போய்விட்டாய். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. நான் இங்கே எழுதுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று உன் வீட்டில் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். ஊரும் படிக்கும், ஆத்தங்குடியில் நம்மைப் போலப் பட்டறை வைத்திருப்பவர்களும் படிப்பார்கள். திதியன்று மாமா வீட்டுத் திண்ணையில் வந்த பேச்சையும், பட்டறை யார் பொறுப்பு, கணக்கு யார் கையில் என்பதையும் இங்கே எடுக்கப் போவதில்லை. அது நமக்குள் இருக்கட்டும். தளத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

நீ செய்தது அழகு. அதில் எனக்கு எந்தக் காலத்திலும் மாற்றுக் கருத்து கிடையாது. திறந்தவுடன் திரை முழுக்க அப்பாவின் கை, கண்ணாடியில் பரவும் சிவப்பு, பின்னால் வீணை. தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டு அழுதார்கள். தெரிந்தவர்கள் மட்டும்தான் பார்த்தார்கள் என்பதைத்தான் நான் உனக்குப் புரியவைக்க முடியவில்லை.

கூகுள் சர்ச் கன்சோலில் நம் தளத்தை இணைத்துச் சில வாரம் பொறுத்துப் பார்த்தேன். என்ன வார்த்தை தட்டியவர்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரி எத்தனையாவது இடம், எல்லாம் அதில் வரிசையாக வரும். வந்த சொடுக்குகள் எல்லாமே பட்டறையின் பெயரைத் தட்டியவர்களுடையவை. கொஞ்சம் பேர் அப்பா பெயரைத் தட்டியிருந்தார்கள். ‘ஆத்தங்குடி டைல்ஸ் விலை’, ‘செட்டிநாடு வீட்டுத் தரை’ என்று தேடியவர்களுக்கு நாம் எங்கோ ஐந்தாம் பக்கத்துக்கும் அப்பால் கிடந்தோம். அவ்வளவு தூரம் யார் புரட்டுவார்கள்? நம்மைத் தெரிந்தவர்கள் நம்மைத் தேடி வர ஒரு தளம் வேண்டியதில்லை. அவர்களிடம் அப்பாவின் நம்பரே இருந்தது. இப்போது அந்த நம்பர் அடித்தால் எடுக்க அப்பா இல்லை. கோயம்புத்தூரிலும் கொச்சியிலும் வீடு கட்டுகிறவன், நம்மைக் கேள்வியே படாதவன், அவன் வந்தால்தான் பட்டறையில் அடுப்பெரியும்.

இதைச் சொன்னபோது நீ, “விக்ஸ்ல கட்டினா அப்படித்தான், வேர்ட்பிரஸ்ஸுக்கு மாத்தணும்” என்று சொல்லிப் போனை வைத்தாய். இரண்டுமே இணையதளம் கட்டும் கருவிகள், நம்முடையது விக்ஸில் கட்டியது. ஆனால் விக்ஸைப் பற்றிய அந்தப் புகார் பழைய கதை. ஒரு காலத்தில் விக்ஸ் தளங்களின் முகவரியில் ஹேஷ் குறியும் ஆச்சரியக்குறியும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட பக்கங்களைத் தேடுபொறி படிக்கத் தனி ஏற்பாடு தேவைப்பட்டது, அந்த ஏற்பாட்டை இனிப் பரிந்துரைப்பதில்லை என்று 2015 அக்டோபரில் கூகுள் அறிவித்தது. அந்தக் காலத்துப் புகார் இன்னும் உலவுகிறது. விக்ஸ் அந்த முகவரி முறையை விட்டு வெகுநாள் ஆயிற்று. இன்றைக்குப் பக்கத் தலைப்பு, விவரணை, தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப், எதைப் படிக்கலாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பு, பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் 301 வழிமாற்றம் எல்லாம் அதன் எஸ்இஓ பகுதியிலேயே, அதாவது தேடலில் தெரிய வைக்கும் பகுதியிலேயே இருக்கின்றன. முன்பு மோசமாக இருந்தது, இப்போது தொழில் நடத்த நல்ல தளம்தான் என்று கூகுளின் ஜான் முல்லரே சொல்லியிருக்கிறார். வீட்டை இடித்துக் கட்டச் சொன்னாய். விளக்குப் போட்டால் போதும் என்று இருந்தது.

உண்மையில் என்ன குறை என்று தேடிப் பார்த்தேன். முகப்பில் எழுத்தே இல்லை. ‘கையால் வார்த்த தரை’ என்ற அந்த அழகான வரி படத்துக்குள் வரையப்பட்டது. முகவரியும் படம், கல் அளவுகளும் படம். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி பக்கத்தின் எழுத்தாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. பக்கத் தலைப்பில் ‘ஹோம்’ என்று மட்டும் இருந்தது. உலகத்தில் எத்தனை கோடி ஹோம்! ‘எங்களைப் பற்றி’ என்று ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தாய், அது போன் திரையில் நெரிசலாகத் தெரிகிறது என்று மொபைல் எடிட்டரில் கண் குறியைத் தட்டி மறைத்துவிட்டாய். கூகுள் இப்போது போன் வடிவத்தைத்தான் படித்துப் பட்டியலிடுகிறது. 2016-ல் அறிவித்து, படிப்படியாக மாற்றி, 2023 அக்டோபரில் அந்த வேலையை முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆக, நம் தளத்தில் இருந்த ஒரே பத்தியும் கூகுள் கண்ணில் படவில்லை.

அப்புறம் வேகம். திரையில் பெரிதாகத் தெரியும் பொருள் 2.5 வினாடிக்குள் வந்துவிட வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு. காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று என் போனில் திறந்தேன். வெள்ளைத் திரை, சுற்றும் வட்டம். அப்பா வருவதற்குள் பக்கத்தில் நின்றவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த வீடியோ எடுத்த நாள் உனக்கு எப்படி ஞாபகம் இருக்கிறது என்று தெரியவில்லை. எனக்கு இப்படி இருக்கிறது.

மத்தியானம் கழிந்து, ஓட்டு இடுக்கு வழியாக வெயில் விழுகிற நேரம். நான் தெர்மோகோல் அட்டையைப் பிடித்து அப்பா கைமேல் வெளிச்சத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். “அக்கா, கொஞ்சம் கீழே, இன்னும் கீழே” என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். அப்பா கண்ணாடியைத் துணியால் துடைத்து, இரும்புச் சட்டத்தை மேலே வைத்து, உள்ளே தகட்டு அச்சை இறக்கினார். சிறு கரண்டியால் ஒவ்வொரு அறையிலும் நிறம். முதலில் கருப்பு, பிறகு சிவப்பு, கடைசியில் மஞ்சள். அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் மூச்சைப் பிடித்துக்கொள்வார், நீயும் பார்த்திருப்பாய். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நின்றன, கலக்கவில்லை. மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவும்போது போன் அடித்தது. கை முழுக்க நிறம். அட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நான் போனை அவர் காதில் பிடித்தேன்.

ஓசூர் பக்கத்திலிருந்து யாரோ. நூறு சதுர அடிக்கு எத்தனை கல் வேண்டும் என்று கேட்டார்கள். அப்பா கையை நிறுத்தவே இல்லை. “பத்துக்குப் பத்துன்னா நூத்தி நாப்பத்தி நாலு. எட்டுக்கு எட்டுன்னா இருநூத்தி இருபத்தஞ்சு. ஓரம் வெட்டும்போது உடையும், பத்துப் பதினஞ்சு சேத்து எடுத்துக்கங்க. ஆசிட் மட்டும் ஊத்திக் கழுவாதீங்க, நிறத்தைத் தின்னுரும். வெறும் தண்ணி போதும், முதல் ஆறு மாசம் துளி தேங்காயெண்ணெய் தொட்டுத் தொடைங்க. வெயில் நேரா விழுற முத்தத்துக்கு வேணாம்மா, கூடத்துக்குப் போடுங்க.” விற்கிற மனுஷன், வேண்டாம் என்றும் சொன்னார்.

நீ, “கட் பண்ணுக்கா, சத்தம் விழுது” என்றாய். நான் போனை எடுத்துவிட்டேன். அப்பா உனக்காக அதே பூவை மறுபடி வார்த்தார். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தடவையும். வார்த்ததை யாருக்காகவும் திரும்ப வார்க்காதவர். நீ கேட்டால் செய்வார். நான் எத்தனையோ வருஷம் அந்தக் கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கியிருக்கிறேன், எனக்காக ஒரு பூவை அவர் திரும்ப வார்த்ததில்லை. நீ வெளியிட்ட வீடியோவில் அந்த போன் பேச்சு இல்லை. அந்த இடத்தில் வீணை வாசிக்கிறது.

உன்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நீ கேமராக்காரன், உன் வேலை அது. ஆனால் நீ வெட்டி எடுத்த அந்தப் பேச்சில்தான் வீடு கட்டுகிறவன் கேட்கும் அத்தனை கேள்வியும் இருந்தது. அதைத்தான் ஜனங்கள் ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு தட்டுகிறார்கள். எத்தனை கல் வேண்டும், எப்படிக் கழுவுவது, கறை போகுமா, வெயிலில் வெளுக்குமா, எவ்வளவு நாளில் கிடைக்கும்.

சில மாதங்களாக உட்பக்கங்களில் அதைத்தான் எழுதி வருகிறேன். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தலைப்பு அவர்கள் கேட்கிற மாதிரியே: ‘100 சதுர அடிக்கு எத்தனை ஆத்தங்குடி கல் வேண்டும்?’ பதில் முதல் வரியிலேயே, கணக்கு அதற்குக் கீழே. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. கேலரியில் நீ ஒரே பெட்டிக்குள் அடுக்கியிருந்த பூக்களைப் பிரித்து, நிறத்துக்கு ஒரு பக்கம் ஆக்கினேன். ஒவ்வொரு படத்துக்கும், அதில் என்ன இருக்கிறது என்று தேடுபொறிக்குச் சொல்லும் மாற்று உரை எழுதினேன்: ‘சிவப்பும் கருப்பும் எட்டு இதழ்ப் பூ, பத்துக்குப் பத்து அங்குலம், கூடத்துத் தரை’. அதற்கு முன் அவை கேமரா கொடுத்த எண்களோடு கிடந்தன. கூகுள் வரைபடத்தில் பட்டறையின் குறி தவறிய இடத்தில் இருந்தது, சரிசெய்தேன். வந்து வாங்கிப் போனவர்களிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்டேன். பக்கத்துக் கடையைத் தேடுகிறவர்களுக்குப் தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பெயர் பெற்றது இந்த மூன்றையும் பார்த்துத்தான் கூகுள் காட்டுகிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது, மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

இப்போது நம்மைத் தெரியாதவர்கள் வருகிறார்கள். கூட்டம் கூட்டமாக இல்லை. ஆனால் சர்ச் கன்சோல் பட்டியலில் பட்டறைப் பெயர் இல்லாத தேடல்கள் தினமும் தெரிகின்றன. எத்தனை கல் வேண்டும் என்ற எண்ணிக்கைப் பக்கம்தான் முன்னால் நிற்கிறது, தேடலின் முதல் பக்கத்துக்கே வந்துவிட்டது. போன வாரம் ஒரு கட்டடக் கலைஞர் நம் பக்கங்களைப் படித்துவிட்டு அழைத்தார். ஆசிட் பற்றி எழுதியிருப்பதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது என்றார். நான் அப்பா சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன், அவ்வளவுதான்.

இதற்குள் தளத்தைத் தேடலில் மேலே ஏற்றித் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு நீ பணம் கட்டியதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயர் வேண்டாம். முப்பது நாளில் முதல் இடம் என்றார்களாம். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுள் தன் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறது. அவர்கள் செய்ததெல்லாம் சூதாட்டப் பக்கங்களிலிருந்து நம் தளத்துக்கு இணைப்புப் போட்டதுதான். விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலிலேயே பெங்குவின் என்ற மாற்றத்தைக் கூகுள் தன் தேடலில் கொண்டுவந்தது, இவர்கள் இன்னும் அந்த இணைப்புகளை விற்கிறார்கள். அந்தப் பணத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பூச்சு வேலை முடித்திருக்கலாம். என்னைக் கேட்டிருக்கலாமே என்று கோபம் வருகிறது. நான் உன்னைக் கேட்காமல் வீடியோவை எடுத்தேனே என்று நீ சொல்வாய். ஆமாம், கேட்கவில்லை. உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எடுத்தேன், அதற்கு என்னை மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், நானும் திதி முடியட்டும், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போயிருப்பேன். வேலை செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமை கூலி அப்படித் தள்ள முடியாது.

வீடியோவை அழித்துவிட்டேன் என்று நினைக்காதே. ‘ஆத்தங்குடி கல் எப்படி வார்க்கிறார்கள்’ என்று அதற்கே தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். இது உன்னைச் சமாதானப்படுத்தச் செய்ததில்லை. வீடியோவே முக்கியமாக இருக்கும் பக்கங்களைத்தான் வீடியோ தேடலில் காட்டுவதாக 2023 டிசம்பரில் கூகுள் மாற்றியது. முகப்பில் அலங்காரமாக ஓடியபோது யாருக்கும் கிடைக்காதது இப்போது கிடைக்க வழி இருக்கிறது. வீடியோவுக்குக் கீழே ஒவ்வொரு கட்டத்தையும் எழுத்தில் விளக்கியிருக்கிறேன். முகப்பில் இப்போது அப்பாவின் கை ஒரு புகைப்படமாக இருக்கிறது, நீ எடுத்த அதே காட்சி, சீக்கிரம் திறக்கிறது. படம்பிடித்தவர் என்று உன் பெயரைக் கீழே போட்டிருக்கிறேன். நீ முதலில் போட்டபோது நம் யார் பெயரும் இல்லை.

உன்னிடம் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். வெட்டாத மூலக் கோப்பு, ஒலியோடு, உன் ஹார்ட் டிஸ்கில் இருக்கிறதா பார். அந்த போன் பேச்சு அதில் இருந்தால் எண்ணிக்கைப் பக்கத்தில் வைக்க ஆசை. ஓசூர்க்காரர்களின் குரல் விழுந்திருந்தால் நீக்கிவிட்டு அப்பா குரலை மட்டும் தா.

இன்னொன்று அவசரம். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, உன் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். அது காலாவதியாகி வேறு எவர் கைக்காவது போய்விட்டால் இதுவரை ஏறியதெல்லாம் அந்த முகவரியோடு போய்விடும், புது முகவரியில் எல்லாம் முதலிலிருந்து. பணத்தை நான் கட்டுகிறேன், பெயர் உன் பெயரிலேயே இருக்கட்டும், அதில் எனக்கு ஒன்றும் இல்லை. ஓடிபி உன் நம்பருக்குத்தான் வருகிறது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்காருவேன். பேசத் தோன்றினால் பேசு. இல்லையென்றால் ஓடிபியை மட்டும் அனுப்பிவிடு.

அக்கா