'ரவி அண்ட் ஐ'யா, 'ரவி அண்ட் மீ'யா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் கல்வி இணைப்பிதழின் ஆங்கிலப் பகுதியில், பிறர் பெயரோடு நம்மைச் சேர்த்துச் சொல்லும்போது பெயரை முன்னேயும் 'ஐ'யைக் கடைசியிலும் வைப்பதே மரியாதை என்று வந்திருந்தது. வரிசையைப் பொறுத்தவரை சரி. ஆனால் இதை மட்டும் படிக்கும் மாணவர் எல்லா இடத்திலும் 'அண்ட் ஐ' என்றே எழுதுவார். 'தி மேனேஜர் கால்ட் ரவி அண்ட் ஐ' போன்ற பிழைகள் விடைத்தாள் முதல் அலுவலக மின்னஞ்சல் வரை மலிந்திருப்பதற்கு இந்தப் பாதிப் பாடம் ஒரு முக்கியக் காரணம்.

யார் முன்னே, யார் பின்னே என்பது மரியாதை. 'ஐ'யா 'மீ'யா என்பது இலக்கணம். 'ஐ அண்ட் ரவி வென்ட்' என்றால் காதுக்குச் சற்று உறுத்தும், இலக்கணப் பிழை இல்லை. 'நானும் ரவியும்' என்று பேசிப் பழகிய நமக்கு அது தானாகவே வருகிறது. 'மீ அண்ட் ரவி வென்ட்' இரண்டிலுமே தவறுகிறது. இங்கிலாந்தில் நண்பர்களுக்குள் அப்படிப் பேசுவது சகஜம். தேர்விலும் விண்ணப்பத்திலும் கூடாது. இதை 'ரவி அண்ட் ஐ' என்று திருத்தும் ஆசிரியர் காரணம் சொல்லாமல் விட்டால், 'அண்ட் மீ' வந்தாலே தப்பு என்று பிள்ளை முடிவுகட்டிவிடுகிறது. வேர் இங்கேதான்.

பெயரையும் 'அண்ட்'டையும் விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள். 'தி மேனேஜர் கால்ட் ஐ' என்று எந்தப் பிள்ளையும் சொல்லாது, 'கால்ட் மீ' என்றுதான் வரும். ஆகவே 'கால்ட் ரவி அண்ட் மீ'. பெயர் முன்னேதான் இருக்கிறது, மரியாதைக்கும் குறைவில்லை. 'பிட்வீன்' வரும் இடத்தில் மட்டும் இந்தச் சோதனை செல்லாது, 'பிட்வீன் மீ' என்று தனியாகச் சொல்ல முடியாதே. அங்கே இருவருக்கும் சேர்த்து 'வி' அல்லது 'அஸ்' போட்டுப் பார்க்க வேண்டும். 'வி' பொருந்தினால் 'ஐ', 'அஸ்' பொருந்தினால் 'மீ'. 'பிட்வீன் அஸ்' என்பதால் 'பிட்வீன் யூ அண்ட் மீ'. ஷேக்ஸ்பியரின் 'மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தில் அன்டோனியோவின் கடிதத்தில் 'பிட்வீன் யூ அண்ட் ஐ' வருவதைக் காட்டி வாதிடுவோர் உண்டு. அந்தக் காலத்து வழக்கு அது. இன்றைய தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிக்கப் பலர் 'மைசெல்ஃப்' பக்கம் ஒதுங்குகிறார்கள். 'பிளீஸ் கான்டாக்ட் ரவி ஆர் மைசெல்ஃப்' என்பது பணிவாகத் தோன்றுகிறதே தவிர முறையான எழுத்துக்கு ஆகாது. 'ஐ ஹர்ட் மைசெல்ஃப்' என்பதுபோல அதே வாக்கியத்தில் 'ஐ' எழுவாயாக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பிடிப்பு. இங்கே 'ரவி ஆர் மீ' போதும்.

வரிசையிலும் ஒரு நுணுக்கம் விடுபட்டிருக்கிறது. எதிரே இருப்பவர், மூன்றாமவர், பிறகு தான் என்பதே முறை: 'யூ, ரவி அண்ட் ஐ'. தன்மை 1, முன்னிலை 2, படர்க்கை 3 என்று எண்ணிட்டு, போட்டித் தேர்வு வழிகாட்டிகள் இதை 231 என்று மனப்பாடம் செய்ய வைக்கின்றன. குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது தன்னை முதலில் சொல்லும் 123ஐயும் அவை கற்றுத் தருகின்றன. தேர்வில் கேட்டால் எழுதலாம்; பேச்சில் 'வி' என்று சொல்லிவிடுவதே இயல்பு. 'ஹி அண்ட் ரவி' போன்றவற்றில் பேசுபவர் இல்லாததால் இந்த மரியாதைக் கேள்வியே எழாது.

தன்னைப் பின்னே வைப்பதற்கு அழகான உதாரணம் வேண்டுமானால் இரண்டாம் எலிசபெத் அரசியின் 'மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ' இருக்கிறது. 1972இல் தம் திருமண வெள்ளிவிழா நாளில் லண்டன் கில்ட்ஹாலில் பேசியபோது, இன்றாவது அப்படித் தொடங்குவதை எல்லோரும் ஏற்றுக்கொள்வீர்கள் என்று அவரே சொல்லும் அளவுக்கு அந்தத் தொடர் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கே 'ஐ' சரி, ஏனெனில் அது எழுவாய். அரசி ஒருவருக்கு நன்றி சொன்னால் 'ஹி ஹெல்ப்ட் மை ஹஸ்பண்ட் அண்ட் மீ' என்றுதான் சொல்லியாக வேண்டும்.

அடுத்த இணைப்பிதழில் இதற்கொரு பயிற்சி வெளியிட வேண்டுகிறேன். பத்து வாக்கியங்கள் கொடுத்தால் ஐந்திலாவது 'மீ' விடையாக வரட்டும். இரண்டு வகையும் கலந்து வந்தால்தான் பிள்ளைகள் யோசித்து எழுதுவார்கள்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.